செவுள் பாடத்துக்கு ஒரு சங்கரா மீன்

இன்னிக்கு எனக்கு வேலை ஒண்ணே ஒண்ணு. ஒரு மீன் வாங்கணும்.

நான் நாலாங்கிளாஸ் டீச்சர். வீட்ல சுத்த சைவம். பொறந்ததுலருந்து மூலக்குளம்தான், ஆனா மீன் மார்க்கெட்டை மூக்கைப் பொத்திக்கிட்டுத் தாண்டினதோட சரி.

வெள்ளிக்கிழமை எங்க கிளாஸ்ல "செஞ்சு பார்ப்போம்" பீரியடு. இந்த வாரம் மீனு எப்படி மூச்சு விடுதுன்னு பாடம். இன்னிக்குத்தான் அந்த வெள்ளி, இன்னிக்குன்னு பார்த்து ஆய்வுக்கு அதிகாரி வர்றார். எச்.எம். நேத்தே சொல்லிட்டாங்க, இது சொதப்பிச்சுன்னா அந்த பீரியடையே தூக்கிட்டு கையெழுத்து வகுப்பு போட்டுடுவாராம். புள்ளைங்க வாரம் பூரா காத்துக்கெடக்கிறதே அந்த ஒரு பீரியடுக்குத்தான். உண்மையைச் சொன்னா, நானும்தான்.

மார்க்கெட்ல ஒரு மீன்கார அக்காகிட்ட போனேன். விவரம் கேட்டா ஒண்ணும் தெரியாதவன்னு கண்டுபிடிச்சுடுவாங்களே! கலரைப் பார்த்து ஒரு சங்கராவைக் கை காட்டினேன். கொழம்புக்கா வறுவலுக்கான்னு கேட்டாங்க. பாடத்துக்குன்னேன். அப்போ சுத்தம் பண்ணித் தரவான்னாங்க. இவ்ளோ அன்பா கேக்கிறவங்ககிட்ட வேணாம்னு எப்படிச் சொல்றது? சரின்னுட்டேன்.

ஸ்கூல் வாசல்ல வந்து பையைத் திறந்து பார்த்தா, செதில் இல்ல, குடல் இல்ல. செவுள் இருக்க வேண்டிய எடத்துல வெறும் ஓட்டை.

செவுள் பாடத்துக்கு செவுளை எடுத்துட்டு மீன் வாங்கின ஒரே டீச்சர் நானாத்தான் இருப்பேன்.

வண்டியைத் திருப்பினேன். அதே அக்கா. செவுள் வேணும்க்கான்னேன்.

"அதை யாரும்மா திம்பாங்க?"ன்னாங்க.

கூடையில கடைசியா ஒரே ஒரு சங்கரா கெடந்துச்சு. கண்ணு உள்ள போயி சோர்ந்துபோன மாதிரி இருந்துச்சு. பாவம், கடல்லருந்து வந்த களைப்புன்னு நெனைச்சு வாங்கிட்டு வந்துட்டேன்.

பதினோரு மணி. கடைசி பெஞ்சுல அதிகாரி, கையில நோட்டு; பக்கத்துல எச்.எம். நான் கெத்தா ஆரம்பிச்சேன். செவுள்ல ரத்தம் ஓடுறதால அது நல்லா செவப்பா இருக்கும்னு சொல்லிக்கிட்டே செவுள் மூடியைத் தூக்கிக் காட்டினேன்.

பழைய புளி கலர்ல இருந்துச்சு.

என் கிளாஸ்ல பாதிப் புள்ளைங்க குருசுக்குப்பம், மீனவர் வீட்டுப் புள்ளைங்க. போட் கரைக்கு வந்ததும் மீனைப் பாக்குறவங்க. அதுல ஒருத்தி, கனிஷ்கா, எழுந்து நின்னா. என் மனசு நோகக் கூடாதுன்னு மெதுவாத்தான் சொன்னா.

"மிஸ், இது மூணு நாள் ஐஸ் மீனு. உங்களை நல்லா ஏமாத்திட்டாங்க."

அவ்ளோதான். மேசையைச் சுத்திக் கூடிட்டாங்க. ஒருத்தன் வயித்தை அமுக்கினான், குழி அப்படியே நின்னுச்சு. நல்ல மீனுன்னா குழி உடனே மேல வரணுமாம். கண்ணு முட்டிக்கிட்டு இருக்கணுமாம். அவங்க சொல்லச் சொல்ல நான் போர்டுல எழுதிக்கிட்டு நின்னேன். எழுதிக்கிட்டே ஓரக்கண்ணால பார்த்தா, அதிகாரி விருட்டுன்னு எழுந்து வெளியே போறார்.

போச்சுடா! எச்.எம். மூஞ்சியைப் பாக்கவே தைரியம் இல்ல.

ரெண்டு நிமிஷத்துல திரும்பி வந்தார். கையில ஒரு பை. காலையில வர்ற வழியில வாங்கி வண்டி டிக்கியில வெச்சிருந்த கொடுவா மீனாம். மேசை மேல வெச்சுட்டு, இதையும் கொஞ்சம் பாருங்கப்பான்னார்.

கனிஷ்கா செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தா. மூடிட்டா. அப்புறம் நிமிர்ந்தா.

"சார், இதுக்கு எங்க மிஸ் மீனே தேவலாம்."

அதிகாரி கொடுவாவைத் திரும்பப் பையில போட்டார். அப்புறம் உக்காந்து நோட்டுல எழுதினார். எச்.எம். வாங்கிப் படிச்சாங்க. இந்த வகுப்பு வாரா வாரம் கட்டாயம் நடக்கணும்னு எழுதியிருந்துச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

கிளம்புறப்ப அவரு என் பக்கத்துல வந்து கொரலைத் தாழ்த்தினார்.

"அடுத்த வெள்ளிக்கிழமை நண்டு பாடம் வெச்சுடுங்க டீச்சர். அந்த ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு மாமியார் வராங்க."