பெரிய வீடு, அதைவிடப் பெரிய வீடு

தன் வீட்டைவிடக் கிறகோரியின் வீடு பெரியது என்று மரியரட்ணம் கிணற்றடியில் நின்று ஆங்கிலத்தில் மூன்றாவது தடவையாகச் சொன்னபோது, வேலிக்கு அந்தப் பக்கம் பல் விளக்கும் சத்தம் நின்றது.

அது கிறகோரியின் பல். கிறகோரி மரியரட்ணத்தின் சகலன். மனைவி பெர்னடெட்டின் அக்கா யசிந்தாவைக் கட்டியவன். எண்பத்து மூன்று வரை கொழும்பில் ஒரு ஹோட்டலில் வெயிட்டராக இருந்தான். அந்த ஆண்டு யூலைக் கலவரத்தில் அங்கிருந்து அவன் கொண்டுவர முடிந்தது உடுத்திருந்த சாரமும் கொஞ்சம் ஆங்கிலமும்தான். சாரம் கிழிந்துவிட்டது. ஆங்கிலம் கிழியவில்லை.

"மை ஹவுஸ் இஸ் ஸ்மோல். கிறகோரிஸ் ஹவுஸ் இஸ் பிக்கர்," என்று மரியரட்ணம் நாலாவது தடவையும் சொன்னான். பாடம் பாடம்தானே.

மரியரட்ணத்துக்கு வெள்ளிக்கிழமை நேர்முகப் பரீட்சை. போரால் கடலில் இறங்கத் தடை வந்து மூன்றாவது வருடம் நடந்தது. மாமனார் யாகோப்புவின் வள்ளம் குருநகர்க் கரையில் கிடுகு மூடிக் கிடந்தது. அதற்குள் கோழிகள் முட்டையிட்டன. இப்போதைக்கு அதன் மீன்பாடு அவ்வளவுதான். இந்த நேரத்தில் யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு வந்திறங்கிய ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம், ஆங்கிலம் தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவரைத் தேடியது. சம்பளத்தோடு, கடைகளில் கண்ணிலும் காணக் கிடைக்காத மண்ணெண்ணெயும் மாதாமாதம் தருவார்களாம். மண்ணெண்ணெய் என்ற சொல் காதில் விழுந்த நாளிலிருந்து பெர்னடெட் புருசனைச் சும்மா இருக்க விடவில்லை.

ஆங்கிலம் படிப்பித்தவர் சோமசேகரம் மாஸ்ரர். முன்பு ஸ்ரேசன் மாஸ்ரர். ரயில் நின்றுபோனதோடு ஸ்ரேசன் போய்விட்டது, மாஸ்ரர் மட்டும் மிஞ்சினார்.

"கண்ணிலை படுறதை எல்லாம் ஒண்டோடை ஒண்டு ஒப்பிட்டுச் சொல்லும்," என்றிருந்தார் அவர். "பெலத்துச் சொல்லும். வாய்க்குள்ளை முணுமுணுத்தால் வெள்ளைக்காரருக்குக் கேளாது."

பெலத்துச் சொன்னதில் வெள்ளைக்காரரைத் தவிர மற்ற எல்லோருக்கும் கேட்டது.

யாகோப்பு தன் காணியை இரண்டாக வெட்டி, இரண்டு பெண்களுக்கும் இரண்டு வீடு சீதனமாகக் கொடுத்தவர். பெண்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சிய பழைய குசினியில் அவரும் மனைவி அருமைநாயகியும் இருந்தார்கள். சீதன வீட்டில் குடியிருக்கும் மருமகன் வீட்டின் அளவைப் பற்றி வாய் திறந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எந்த மொழியில் திறந்தாலும் அது மாறாது.

மத்தியானத்துக்கு முன்னரே யாகோப்பு மருமகனின் முற்றத்தில் வந்து நின்றார். பின்னால் அருமைநாயகி. அவளுக்குப் பின்னால், எதற்கும் சம்பந்தமில்லாதவனைப் போல, கிறகோரி.

"தம்பி, வீடு காணாதெண்டால் தமிழிலை சொல்லியிருக்கலாம்."

"ஐயோ மாமா, அது பயிற்சி."

"எட்டு வருசம் வாய் திறக்காமல் இருந்திட்டு, இப்ப ஊருக்குக் கேக்க இங்கிலிசிலை பயிற்சியோ?"

"உண்மையாத்தான் மாமா. முதல் பிக். பிறகு பிக்கர். அதுக்குப் பிறகு பிக்கெஸ்ற்."

அருமைநாயகி கன்னத்தில் கை வைத்தாள். "பாத்தியளோ, கேக்கிறதைக் கூட்டிக்கொண்டெல்லோ போறார்!"

அவர்கள் போன பிறகு பெர்னடெட் ஒரு வழி சொன்னாள். அவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு வழி தெரியும். அந்த வழிகளில் போய்த்தான் மரியரட்ணம் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தான்.

"இஞ்சாருங்கோ, நாளைக்கு மாத்திச் சொல்லுங்கோவன். எங்கடை வீடுதான் பெரிசு எண்டு சொன்னால் ஆருக்கு நோகப்போகுது?"

மறுநாள் காலை மாற்றிச் சொன்னான். கிறகோரியின் வீட்டைவிடத் தன் வீடு பெரியது. கிறகோரியின் வளவைவிடத் தன் வளவு நீளமானது. உற்சாகத்தில், கிறகோரியின் கதவைவிடத் தன் கதவு பலமானது என்பதையும் சேர்த்துக்கொண்டான்.

யசிந்தா மீன் வெட்டும் கத்தியோடு வந்தாள். வெட்ட மீன் கிடைத்து மாதக்கணக்கு ஆகியிருந்தாலும் கத்தி கூராகத்தான் இருந்தது.

"அப்பா! இஞ்சை வாங்கோ அப்பா! இத்தினை வருசமா நான் சொல்லேக்கை எரிச்சல்காரி எண்டியளே. சின்னவளுக்குத்தான் பெரிசு குடுத்ததெண்டு இப்ப அவரே தன்ரை வாயாலை சொல்லுறார்!"

"மச்சாள், அது நேற்றையதைத்தான் திருப்பி..."

"நேற்றுச் சின்னனா இருந்த வீடு இரவோடிரவா வளந்ததோ?"

"கத்தாதை அக்கா," என்று பெர்னடெட் வெளியே வந்தாள். "உங்கடையிலை ரெண்டு யன்னல் கூட இருக்குதே, அதை ஆர் கதைக்கிறது?"

"ரெண்டு யன்னலாலையும் என்ன வருது? உங்கடை அடுப்புப் புகைதானே!"

யாகோப்பு இரண்டு மகள்களுக்கும் நடுவில் நின்றார். காணியை வெட்டிய நாளில் அவர் சரி நடுவில்தான் கோடு போட்டார். கோடு நேராகத்தான் இருந்தது. அதற்கு இரண்டு பக்கமும் ஆட்கள் குடிவந்ததுதான் பிழை.

அன்று பின்னேரம் மரியரட்ணம் சைக்கிளை எடுத்துக்கொண்டு மாஸ்ரரிடம் ஓடினான். மாஸ்ரர் கண்ணை மூடி யோசித்தார்.

"வீட்டை விடும். ஆக்களைப் புகழும். இவர்தான் எல்லாரிலும் நல்லவர், இவர்தான் எல்லாரிலும் இரக்கமானவர் எண்டு. அதுவும் உந்தப் பாடத்திலைதான் வருது. புகழ்ந்தால் ஆருக்குக் கோவம் வரும்?"

சோமசேகரம் மாஸ்ரர் கலியாணம் கட்டாதவர்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, சைக்கிளைக்கூடச் சாத்தாமல், குசினிப் பக்கம் பார்த்து மரியரட்ணம் குரல் கொடுத்தான்: "மை ஃபாதர் இன் லோ இஸ் த கைண்டஸ்ற் மான் இன் குருநகர்!"

யாகோப்பு எழுந்து வந்து, வேலிக்கு அப்பால் நின்ற கிறகோரியைப் பார்த்தார். "உவன் என்ன சொல்லுறான்?"

கிறகோரிக்கு மொழிபெயர்க்க மனமில்லை. ஆனால் ஹோட்டலில் இருந்தவன், கேட்டதைக் கொண்டுவந்து வைத்துப் பழகியவன். "குருநகரிலையே நீங்கள்தான் ஆக இரக்கமான மனிசனாம், மாமா."

யாகோப்புவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அடுத்த கணம் யோசித்தது.

"இரக்கத்துக்கு இப்ப என்ன தேவை வந்தது? குடுக்கிறதுக்கு என்னட்டை இன்னும் என்ன கிடக்கு?"

"வள்ளம் கிடக்கு," என்றாள் அருமைநாயகி.

முற்றம் முழுவதும் ஒரு தெளிவு பரவியது. வள்ளம் இன்னும் ஒருவர் பேருக்கும் எழுதப்படவில்லை. கடலில் இறக்க முடியாத, கோழி முட்டையிடுகிற வள்ளம். என்றாலும் வள்ளம். கிறகோரி வேலியில் காலை வைத்து ஏறினான்.

"மை ஃபாதர் இன் லோ இஸ் த கைண்டஸ்ற் மான் இன் ஜவ்னா!"

"இன் சிலோன்!" என்றான் மரியரட்ணம். சும்மா விட முடியுமா?

"இன் ஏசியா!"

"இன் த வேர்ள்ட்!"

குருநகர்ச் சந்தையில் நல்ல மீன் ஏலம் போய் எவ்வளவோ காலம். அன்று பின்னேரம் மாமனார் ஏலம் போனார். வெளியே குறுந்தெருவான ஒழுங்கையில் சைக்கிள்கள் நின்றன. யாகோப்புவுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் விலை ஏறுவது எந்த மொழியிலும் தெரியும். ஏசியாவுக்கு வந்தபோது நெஞ்சை நிமிர்த்தினார். உலகம் முடிந்ததும் தலையைச் சற்றுச் சாய்த்து அடுத்த ஏலக் கேள்விக்குக் காத்திருந்தார்.

அடுத்த கேள்வி அருமைநாயகியிடமிருந்து வந்தது.

"நான் ஒருத்தியும் இஞ்சை நிக்கிறன். என்னைப் பற்றி இங்கிலிசிலை ஒண்டுமில்லையோ?"

கிறகோரி வேலியிலிருந்து சத்தமில்லாமல் இறங்கி வீட்டுக்குள் போய்விட்டான். ஹோட்டல் அனுபவம் சும்மா போகாது. முற்றத்தில் மிஞ்சியது மரியரட்ணம்.

"சொல்லுங்கோ தம்பி. மாமா உலகத்திலையே நல்லவரெண்டால் நான் ஆர்? அவரைவிடக் கூடவோ குறையவோ?"

கூட என்றால் மாமா போனார். குறைய என்றால் சாப்பாடு போனது. மரியரட்ணம் தன் வாழ்நாளிலேயே மிகக் கவனமாக ஒரு பதிலைத் தெரிந்தெடுத்தான்.

"மாமியும் மாமாவும் ஒரே மாதிரித்தான்."

அருமைநாயகி கணவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"இந்த மனிசனைப் போலையோ? குடிச்சுப்போட்டுப் பூசைக்குப் போய்ப் பாட்டுக்கு நடுவிலை குறட்டை விடுற இந்த மனிசனும் நானும் ஒரே மாதிரியோ?"

அன்று பழைய குசினியில் அடுப்பு எரியவில்லை. உலகத்திலேயே இரக்கமான மனிதர் பசியோடு வாசலில் குந்தியிருந்து, ஒழுங்கைக்கே கேட்கும்படி ஒரு முடிவைச் சொன்னார்.

"வள்ளத்தை அந்தோனியாருக்கு எழுதி வைக்கப் போறன். அவருக்கு இங்கிலிசு தெரியாது."

பெர்னடெட் புருசனைக் கையில் பிடித்து ஒழுங்கை முடிவில் இருந்த அந்தோனியார் சிற்றாலயத்துக்கு இழுத்துப் போனாள்.

"சத்தியம் பண்ணுங்கோ. இனி ஒருத்தரையும் ஒருத்தரோடையும் ஒப்பிடமாட்டன் எண்டு."

"வெள்ளிக்கிழமை சோதினையப்பா!"

"சோதினைக்கு வேறை இங்கிலிசு இல்லையோ? பண்ணுங்கோ."

பண்ணினான். எந்த வீட்டையும் எந்த வீட்டோடும், எந்த மனிதரையும் எந்த மனிதரோடும், எந்த மொழியிலும் ஒப்பிடுவதில்லை. வேலை கிடைக்க வேண்டும் என்பதையும் அதே மெழுகுதிரியில் கேட்டு முடித்தான். மெழுகுதிரி விற்ற விலை அப்படி.

வெள்ளிக்கிழமை நிறுவனத்தின் விறாந்தையில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். புத்தூரிலிருந்து வந்திருந்த கதிரவேலு என்பவர் தனக்குத்தானே ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார். அதில் மரியரட்ணத்துக்குப் பாதிதான் விளங்கியது. கொடிகாமத்து ஆள் ஒருவர் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். மரியரட்ணம் கட்டியிருந்தது மாமனாரின் வெள்ளை வேட்டி. அதையும் பெர்னடெட் கேட்காமல்தான் எடுத்து வந்திருந்தாள்.

உள்ளே ஓர் உயரமான வெள்ளைக்காரப் பெண்மணி இருந்தார். தட்டெழுத்துப் பொறிக்கு முன்னால் அற்புதராணி என்ற உள்ளூர்ப் பெண். பெண்மணி ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்.

"உங்கள் பகுதியில் எந்த ஒழுங்கை அதிகம் பாதிக்கப்பட்டது?"

பதில் மரியரட்ணத்தின் நாக்கு நுனிவரை வந்தது. இரண்டு நாள் கிணற்றடியில் நின்று பழகிய பதில். தொண்டையில் அந்தோனியார் நின்றார்.

"ஓல் சேம், மெடம்."

"உங்கள் ஒழுங்கையில் மற்றவர்களைவிடக் கஷ்டப்படும் குடும்பம் எது?"

"ஓல் சேம், மெடம்."

"உங்கள் குடும்பம்? உங்கள் உறவினர்கள்?"

"சேம், மெடம். நோ பிக். நோ ஸ்மோல்."

பெண்மணி காகிதத்தில் ஏதோ எழுதினார். பிறகு புன்னகைத்தார். படிக்காதவனைப் பார்த்துப் படித்தவர்கள் இப்படித்தான் புன்னகைப்பார்கள் என்று மரியரட்ணம் நினைத்தான். விறாந்தையில் வந்து குந்தி, பெர்னடெட்டுக்கு என்ன சொல்வது என்று யோசித்தான். படித்த பாடமெல்லாம் வாய்க்குள்ளேயே கிடந்தது. வீட்டில் பேசியதில் ஒரு வசனத்தைக்கூட இங்கே பேசவில்லை.

மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். கதிரவேலு ஆங்கிலத்திலேயே சைக்கிளில் ஏறினார். மரியரட்ணமும் எழுந்தபோது அற்புதராணி வாசலுக்கு வந்தாள்.

"அண்ணை, எங்கை போறியள்? வேலை உங்களுக்குத்தான்."

"எனக்கோ? நான் ஒண்டுமே சொல்லேல்லையே, பிள்ளை."

"அதுதான் அண்ணை. மற்றவை எல்லாரும் தங்கடை ஊர்தான் ஆகப் பாவம், தங்கடை அண்ணர்தான் ஆகப் பாவம் எண்டு சொல்லிச் சொல்லி மிஸ்ஸுக்குத் தலையிடி. சொந்தக்காரரையும் பிறத்தியாரையும் ஒரே கண்ணாலை பாக்கிற ஆள் நீங்கள் ஒராள்தானாம்."

மரியரட்ணம் விறாந்தையில் நின்றபடியே மனதால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். மண்ணெண்ணெய் மணந்தது. விளக்கு எரிந்தது. பெர்னடெட் சிரித்தாள். யாகோப்புவும் அருமைநாயகியும் ஒரே பாயில் இருந்து சோறு சாப்பிட்டார்கள். கிறகோரி வேலிக்கு மேலால் கைகொடுத்தான். அந்தோனியாருக்கு இன்னொரு மெழுகுதிரி, இந்த முறை பெரியதாக... இல்லை, சும்மா ஒரு மெழுகுதிரி.

"அப்ப எனக்கு என்ன வேலை, பிள்ளை?"

"பெரிசா ஒண்டுமில்லை அண்ணை. திங்கக்கிழமை உங்கடை ஒழுங்கையிலையே தொடங்கட்டாம். வீடு வீடாப் போய் எது சின்னன், எது அதைவிடச் சின்னன், எது எல்லாத்திலும் சின்னன் எண்டு பாத்துச் சொன்னியளெண்டால், அந்தக் கடைசி வீட்டுக்கு மட்டும் கூரைத் தகரம் குடுப்பினமாம்."