பத்து மார்க் வாங்கிய சண்முகத்தாய்

விருதுநகர் மாவட்டத்திலேயே தன் பிறந்த நாளை நம்பாத ஒரே மனிதர் எங்கள் 'பாத்தீகளா' அண்ணாச்சிதான். "நான் அங்கனதான் இருந்தேன், ஆனா எதையும் பாக்கலையே" என்பார். பள்ளிச் சான்றிதழில் இருக்கும் தேதி, அவருடைய அப்பா வாத்தியாரிடம் உத்தேசமாகச் சொன்னதாம்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நான் திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி அங்கே புரூஃப் பார்ப்பவர். எழுத்துப் பிழையோடு நிறுத்திக்கொண்டால்தான் என்ன? யார் எந்தச் சேதி கொண்டுவந்தாலும் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "பாத்தீகளா?" என்று கேட்பார். பிறகு ஒரு நோட்டில் மார்க் போடுவார். நேரில் பார்த்தவருக்குப் பத்துக்கு ஏழு. பார்த்தவரிடம் கேட்டவருக்கு மூன்று. அச்சில் வந்ததற்கு இரண்டு. "அடிக்கிறது நாமதானே தாயி, நமக்குத் தெரியாதா?"

பத்து யாருக்கு என்று ஒருநாள் கேட்டேன். சம்பந்தப்பட்டவர்களே நேரில் வந்து நின்றால் போடலாம், இதுவரை யாரும் வாங்கவில்லை என்றார்.

தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்துக்குத் துணுக்கு எழுதுவதும் அவர்தான். வாசலில் கற்றாழை கட்டினால் வீட்டில் இடி விழாது என்று ஒரு வருஷம் எழுதினார். மறு வருஷம் வேறொரு கம்பெனி காலண்டரிலும் அதே துணுக்கு வந்தது. எங்கள் முதலாளி பாய் பூரித்துப்போய், அவர்களே போட்டுவிட்டார்கள் என்றால் உண்மைதான் என்றார். அண்ணாச்சிக்கு வந்ததே கோபம். "நம்ம பொய்ய அவுக திருப்பிச் சொன்னா ரெண்டு சாட்சி ஆயிருமா பாய்?"

அவர் மேசைக்குப் பின்னால் இருந்த சுவர் முழுக்கக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள். எங்களிடம் அடித்ததில் ஒவ்வொன்றை மாதிரிக்கு ஒட்டியிருந்தோம். ஒருநாள் அந்த முகங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதுல எம்புட்டுப் பேரு நெசம்மாவே செத்தாகன்னு நமக்குத் தெரியாது தாயி" என்றார். அன்றிலிருந்து அந்தச் சுவரோடு தனியாக இருக்க எனக்குப் பயம்.

ஒரு தீபாவளி சீசனில் பக்கத்துப் பட்டாசு ஆலையில் வெடி விபத்து. எங்கள் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து நின்றது. மறுநாள் மாலை நாலு மணிக்கு ஒருவர் மனைவியின் போட்டோவும் செய்தித்தாளுமாக வந்தார். மனைவி பெயர் சண்முகத்தாய். இறந்தவர்கள் பட்டியலில் மூன்றாவது பெயர். ராத்திரிக்குள் போஸ்டர் ஒட்டவேண்டும் என்றார்.

நான் போட்டோவை ஸ்கேன் செய்து, சுற்றி மாலை போட்டு, பக்கத்தில் விளக்கும் வைத்துவிட்டேன். அண்ணாச்சி பிரிண்ட்டுக்கு விடவில்லை. வந்தவர் எதிரில் உட்கார்ந்து, "முகத்தப் பாத்தீகளா?" என்றார்.

"முகமே இல்ல அண்ணாச்சி. பக்கத்துல கெடந்த தூக்குவாளியில அவ பேரு வெட்டியிருந்துச்சு."

"வாளி யாருதுன்னுதான் அந்தப் பேரு சொல்லும். யாரு கையில இருந்துச்சுன்னு சொல்லாதே."

முந்தின நாள் விடியுமுன் வீட்டில் சண்டை, கோபத்தில் அவள் கிளம்பிவிட்டாள், ஆலை வேலைக்குத்தான் போயிருப்பாள் என்றார் அந்த மனிதர். போனதைப் பார்த்தீர்களா என்று அண்ணாச்சி விடாமல் கேட்டார். அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறாரே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அண்ணாச்சியோ நோட்டைத் திறந்து வாளிக்கு நாலு மார்க் போட்டுக்கொண்டிருந்தார்.

பொழுது சாய்ந்த நேரத்தில் கரண்ட் போனது. மிஷின் நின்றது, ஃபேன் நின்றது. யூ.பி.எஸ். மட்டும் கீச், கீச் என்று கத்த, இருட்டில் என் கம்ப்யூட்டர் திரை மட்டும் எரிந்தது. அதில் மாலையோடு சண்முகத்தாய்.

வாசலில் நிழல் தட்டியது. நிமிர்ந்தேன். திரையில் இருந்த அதே முகம், மாலை இல்லாமல்.

உலகத்தில் எதையும் நம்பாத அண்ணாச்சி முதலில் பார்த்தது அவள் தரையில் கால் ஊன்றியிருக்கிறாளா என்றுதான். ஊன்றித்தான் இருந்தாள். பிறகுதான் கேட்டார்.

"நீங்கதான் சண்முகத்தாய்னு யாரு சொல்றா?"

"அந்தா அழுதுக்கிட்டு உக்காந்திருக்காரே, அவரக் கேளுங்க."

சண்டை போட்டுவிட்டு அவள் போனது மல்லாங்கிணற்றில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு. மத்தியானம்தான் பேப்பரில் தன் பெயரைப் பார்த்துப் பதறி வந்திருக்கிறாள். தெருவே அவளைக் கண்டு அலறி ஓட, யாரோ ஒருவர் தூர நின்றபடி அச்சகத்துக்கு வழி சொல்லியிருக்கிறார். அவள் கணவர் எழுந்து, அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. அண்ணாச்சி நோட்டில் பத்து போட்டார்.

பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்ப, வாளி?"

"அது... மூணு நாளைக்கு முந்தி குழம்பு ஊத்திப் பக்கத்து வீட்டுப் பேச்சியக்காகிட்டக் குடுத்தேன்." அவள் குரல் தேய்ந்தது. "வெறும் வாளியா எப்பிடித் திருப்பித் தரதுன்னு வச்சிருந்திருப்பா. அதுலயே சோறு கொண்டு போயிருக்கா."

பேச்சியம்மாளும் அதே ஆலையில்தான் வேலை. தனிக்கட்டை. முந்தின நாளிலிருந்து அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. யூ.பி.எஸ். நீளமாக ஒரு சத்தம் போட்டு அடங்க, திரையும் அணைந்தது.

மறுநாள் சண்முகத்தாய் ஆஸ்பத்திரிக்குப் போய், முன்பே கோணியிருந்த கால் சுண்டுவிரலைப் பார்த்துப் பேச்சியம்மாள்தான் என்று சொன்னாள். அண்ணாச்சியும் கூடப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். போஸ்டருக்குப் போட்டோ கிடைக்கவில்லை. பெயரை மட்டும் பெரிதாகப் போட்டோம். அடியில் உறவினர் பெயர்கள் வரவேண்டிய இடத்தில், 'நேரில் பார்த்தவர்கள்: சண்முகத்தாய், அச்சகத்து அண்ணாச்சி' என்று எழுதச் சொன்னார். நான் சிரிக்கவில்லை. அவர்மேல் பட்ட எரிச்சலுக்காக வெட்கப்பட்டேன்.

போன வருஷம், அச்சகத்தில் பேப்பர் வெட்டிக்கொண்டிருந்தவர் எனக்குப் போன் செய்து, அண்ணாச்சி காலமாகிவிட்டார் என்றார்.

"நீங்க பாத்தீகளா?" என்று கேட்டேன்.

அவர் பார்க்கவில்லை. பார்த்தவர் ஒருவர் சொல்லக் கேட்டாராம். அப்படியானால் மூன்று மார்க்தான்.

நான் இன்னும் திருத்தங்கல் பக்கம் போகவில்லை. அந்தச் சேதி மூன்றிலேயே இருக்கட்டும்.