மோப்பத்தின் மூக்கு

அடுத்தவன் மூக்கைப் பற்றித் தெரிந்து உங்களுக்கு என்ன ஆகப்போகிறது? போய் அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பாருங்கள். போகமாட்டீர்களா? சரி, அவனே சொல்லச் சொல்லிவிட்டான், உட்காருங்கள்.

அவனுக்கு ஊர் வைத்த பேர் மோப்பம். தூத்துக்குடிக் கடற்கரையில் அவனுக்கு இருந்த மூக்கு நாய்க்குக்கூட கிடையாது. கருவாட்டு மண்டியில் சாக்கைப் பிரிக்காமலே நல்லது கெட்டது சொல்லிவிடுவான். அவன் தலையசைத்தால்தான் யாவாரி மூட்டையைத் தூக்குவார். அதுதான் அவன் சோறு. தெருவில் நடந்தாலும் வாய் சும்மா இருக்காது. "ஏளா, குழம்புல புளி கூடிப்போச்சு!" என்று வாசலிலிருந்தே கத்துவான். அவன் தலை மறையும் வரை சட்டியைத் திறக்காத பெண்கள் உண்டு.

போன மழைக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்து போனது. அதற்குப் பிறகு எல்லார் வீட்டுக் குழம்பையும் புகழ ஆரம்பித்தான். அப்போதே நாங்கள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். புகழ்ந்தால் யாருக்குக் கசக்கும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் வாங்கிய சாளைக் கருவாட்டைப் பார்த்துச் சொல்ல வந்தான். அவனை அடுக்களையில் விட்டுவிட்டுக் கொல்லையில் துணி அலசப் போனேன். அலசிய துணியும் தண்ணீருமாக வாளியோடு திரும்பினால் கதவருகிலேயே கேஸ் நாற்றம் மூச்சை அடைத்தது. அவன் கால் இடறி சிலிண்டர் டியூப் கழன்று கிடந்தது. பக்கத்தில் மோப்பம். வாயில் பீடி, கையில் தீப்பெட்டி.

"யக்கா, கருவாடு கமகமன்னு வீட்டையே தூக்குது!"

கத்தினால் பதறி உரசிவிடுவான். "ஏலே, பெட்டியைக் கீழ வையி" என்றேன் மெதுவாக.

"ஒண்ணே ஒண்ணுக்கா. சன்னல் பக்கம் ஊதிக்கிடுதேன்."

குச்சியை எடுத்தான். வாளியை அப்படியே அவன் தலையில் கவிழ்த்தேன். தீப்பெட்டி கூழாகிவிட்டது. என் பாவாடை அவன் தோளில் தொங்கியது. சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவுகளைத் திறந்துவிட்டு, அவனை வெளியே இழுத்துப் போட்டேன்.

"கேஸ் இப்படி நாறுதேலே! தெரியலையா?"

மூச்சை இழுத்துப் பார்த்தான். முகம் வெளுத்தது. "காய்ச்சலுக்குப் பொறவு ஒரு வாசமும் தெரியமாட்டேங்குதுக்கா. மண்டியில தெரிஞ்சா தொரத்திருவாவ."

"அப்ப கருவாட்டுக்கு எப்படிலே தலையாட்டுன?"

"யாவாரி மூஞ்சியப் பாத்துத்தான்."

மறுநாளே காது மூக்கு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். மூக்குக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்.

"சிலருக்கு உள்ள சதை வளந்து அடைக்கும். உங்களுக்கு அது இல்ல. காய்ச்சல்ல வாசனை நரம்பு அடிபட்டிருக்கு. கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, தைலம், ஒவ்வொண்ணா காலையிலயும் சாயங்காலமும் மோந்து பழகுங்க. மெதுவாத்தான் திரும்பும், மாசக்கணக்காகும்."

"கருவாடு மோக்கலாமாம்மா?" என்றான். டாக்டரம்மா தன் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

திரும்பி வந்தால், கேஸ் கதையைக் கேட்கத் தெருவே என் வாசலில் நிற்கிறது. மோப்பம் தலையைத் தொங்கப்போட்டான். நான் முந்திக்கொண்டேன்.

"மோப்பந்தாம்ளா கேஸ மோந்து கண்டுபிடிச்சு என்னயக் காப்பாத்துனான். அம்புட்டு கேஸும் அவன் மூக்குல ஏறிட்டு. கொணமாவுற வரைக்கும் ஒருத்தியும் அவங்கிட்ட கருவாட்ட நீட்டக்கூடாது. மண்டியிலயும் சொல்லிருங்க, அதுவரைக்கும் அவனுக்குச் சாக்கு தைக்கிற வேலையக் குடுக்கட்டும்."