முறைப்படி வந்த வெந்நீர்

வெள்ளைக்காரர்கள் இந்தியாவை நம்மிடம் ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறிய வருஷத்தில், அவர்கள் விட்டுச் சென்ற சில்லறைச் சாமான்களைப் பராமரிக்கும் பொறுப்பும் நம் தலையில் விழுந்தது. மவுண்ட் ரோடு ஏலக்கடைகளில் சென்னை உத்தியோகஸ்தர்கள் தேசக் கடமையாக எண்ணி முட்டி மோதினார்கள். ஜன்மத்தில் தொப்பி போடாத ஒருவர் தொப்பி மாட்டும் ஸ்டாண்டு வாங்கினார். இன்னொருவர் வேர்த்து விறுவிறுக்கக் கம்பளிக் கோட்டு ஒன்றைச் சுமந்து போனார். சாந்தோம் ஆம்ப்ரோஸ் வாங்கியது ஒரு வெந்நீர் யந்திரம்.

யாரோ ஒரு துரை ஊட்டி பங்களாவுக்காகச் சீமையிலிருந்து வரவழைத்து, கட்டுப் பிரிக்காமலே விட்டுப்போன யந்திரம் அது. ஒரு நிலக்கரி பாய்லர், நீள நீளமாய்க் குழாய்கள், அறைக்கு ஒன்றாகச் சுவரில் பொருத்த இரும்புச் சட்டங்கள். கொதித்த தண்ணீர் சட்டங்களின் வழியே ஓடி வீட்டைக் கதகதப்பாக்கும். பிறகு குழாயில் வெந்நீராகக் கொட்டும். சென்னையில் வீட்டைச் சூடாக்க யந்திரம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நாகரிகம் போதாது என்பது ஆம்ப்ரோஸின் கருத்து.

ஆம்ப்ரோஸ் மனுக்கள் வந்து சேரும் ஓர் இலாகாவில் சூப்பரின்டெண்டெண்ட். யந்திரம் வந்திறங்கிய அன்றே, கொல்லையில் அவர் மனைவி லூயிசா வெந்நீர் போட்டுவந்த விறகடுப்பை ஆம்ப்ரோஸ் இடித்துத் தள்ளினார். செப்பு அண்டா பாத்திரக் கடைக்குப் போயிற்று. ஒரே வீட்டில் வெந்நீருக்கு இரண்டு அதிகாரங்கள் இருந்தால் நிர்வாகம் சீர்குலையும் என்று காரணமும் சொன்னார்.

யந்திரத்தைப் பொருத்த வந்தவர் மெஹபூப் பாஷா, ராயப்பேட்டையில் பாய்லர் பழுது பார்ப்பவர். அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

“பைப்பை மொதல்ல எந்த ரூமுக்கு வுடணும் சார்?”

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பெரிய மனிதர்கள் வந்து உட்காரும் ஹால் முதலில். அடுத்தது ஆம்ப்ரோஸின் ஆபீஸ் அறை. பிறகு படுக்கையறை, சாப்பாட்டறை, சமையலறை. கடைசியாகக் கொல்லைப்புறத்துக் குளியலறை. அந்தஸ்து வரிசையில் அது கடைநிலை ஊழியர். பாஷா தலையாட்டிவிட்டு வேலையைத் தொடங்கினார். சொன்ன இடத்தில் குழாயை விடுவதற்குத்தான் கூலி, யோசனை சொல்வதற்கு யாரும் தருவதில்லை என்பது அவருடைய அனுபவம்.

பாய்லரைப் பற்றவைத்தார்கள். ஹாலில் அப்பளம் பொரிக்கலாம் போலிருந்தது. ஆபீஸ் அறையில் மைக்கூடு வறண்டது. குளியலறைக் குழாயைத் திறந்தால் வந்த தண்ணீருக்கும் கிணற்றுத் தண்ணீருக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

வேறு சமயமாக இருந்தால் லூயிசா பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் ஒரே மகள் ஆனி தலைப்பிரசவத்துக்கு வரப்போகிறாள். பிள்ளை பெற்றவளுக்கும் பச்சைக் குழந்தைக்கும் வெந்நீர் இல்லாத வீட்டில் என்ன வேலை? ஆனி வருவதற்குள் குழாயில் வெந்நீர் வராவிட்டால், அவளை அடையாற்றில் இருக்கும் தன் அண்ணன் விக்டர் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவதாக லூயிசா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

ஆம்ப்ரோஸோ பேரப்பிள்ளைக்காகத் தொட்டில் வாங்கி ஹாலில் மாட்டி, ஆள் இல்லாத நேரத்தில் ஆட்டியும் பார்த்திருந்தார். அந்தக் குழந்தை மைத்துனன் வீட்டில் பிறப்பதை நினைக்கவே அவரால் முடியவில்லை. ஆகவே உடனடி நடவடிக்கையாக ஒரு விசாரணைக் கமிட்டி அமைத்தார்.

கமிட்டித் தலைவர் அவரே. உறுப்பினர்கள் மெஹபூப் பாஷாவும், பக்கத்து வீட்டு ஜவுளி வியாபாரி ஷரஃபுதீனும். மூவரும் ஹாலில் அமர்ந்து, வேர்வையைப் பிழிந்து பிழிந்து ஊற்றிக்கொண்டு ஆராய்ந்தார்கள். பாய்லர் சூடாக இருக்கிறது, ஆகவே பாய்லரில் கோளாறில்லை. குழாய்கள் ஒழுகவில்லை, ஆகவே குழாய்களில் கோளாறில்லை. திருகினால் தண்ணீர் வருகிறது, மூடினால் நிற்கிறது, ஆகவே திருகிலும் கோளாறில்லை. எந்தப் பகுதியிலும் கோளாறு இல்லாத யந்திரத்தில் கோளாறு இருக்க முடியாது. பாக்கி இருப்பது தொட்டுப் பார்த்த கைதான். அடுப்பிலேயே கிடந்து பழகிய லூயிசாவின் கைக்குச் சுரணை குறைந்திருக்கலாம் என்று கமிட்டி சந்தேகித்தது.

பொறுப்புள்ள அதிகாரி என்ற முறையில் ஆம்ப்ரோஸே போய்க் கையை நீட்டினார். வெகுநேரம் நீட்டியபடி நின்றார். பிறகு, “இது வெந்நீர்தான். தற்சமயம் சூடு இல்லை, அவ்வளவுதான்” என்று அறிவித்தார்.

லூயிசா இடுப்பில் கை வைத்தாள். “ஏங்க, முதல் குழாயைக் குளியலறைக்குத் திருப்பிட்டா என்ன? ஹால்ல யாருக்குக் குளிருது?”

ஆம்ப்ரோஸ் திடுக்கிட்டார். “என்ன பேசுற லூயிசா? என் சர்வீஸ்ல எதுவும் நேரா கீழே போனதில்லை. மேலேர்ந்து படிப்படியாத்தான் வரணும்.”

“வர்றதுக்குள்ள ஆறிப் போயிடுதே.”

“ஆறினாலும் முறைப்படி வந்துச்சா இல்லையா?”

லூயிசா மறுநாள் பெட்டியைக் கட்டி, அண்ணன் வீட்டில் பிரசவத்துக்கு ஏற்பாடு செய்ய அடையாற்றுக்குப் போய்விட்டாள்.

ஆம்ப்ரோஸ் வெறும் தொட்டிலின் பக்கத்தில் வேர்த்துக் கொட்டியபடி உட்கார்ந்திருந்தார். முறையை மாற்றினால் மானம் போகும். மாற்றாவிட்டால் பேரப்பிள்ளை போகும். அப்போதுதான் இலாகாவில் அன்றாடம் நடக்கும் ஒரு காரியம் நினைவுக்கு வந்தது. வேலை தெரியாத ஒருவரை நீக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது என்றால் என்ன செய்கிறோம்? ஆளை அப்படியே விட்டுவிட்டுப் பதவியின் பெயரை மாற்றிவிடுகிறோம்.

உடனே உத்தரவு பிறந்தது. இதுவரை ஹால் என்று வழங்கிவந்த அறை இனிக் குளியலறை. குளியலறை என்று வழங்கிவந்தது இனி ஹால். குழாய்களின் வரிசையில் இம்மியும் மாற்றமில்லை. பாஷா வந்து முன்னறைச் சட்டத்தில் ஒரு குழாய்த் திருகை வைத்தார். கொதிக்கக் கொதிக்கக் கொட்டியது.

“ஷோக்கா வருது சார். அப்ப வர்ற ஜனம்லாம் எங்க குந்தும்?” என்றார் பாஷா.

“ஹாலில்” என்றார் ஆம்ப்ரோஸ்.

லூயிசா திரும்பி வந்தாள். ஆனி வந்தாள். ஆண் குழந்தை பிறந்தது. பிள்ளைக்குத் தலைக்கு ஊற்ற வந்த பேச்சியம்மாள், தெருவைப் பார்த்த முன்னறையின் நடுவே காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டினாள். ஆவி கிளம்ப, குழந்தை வீல் வீலென்று கத்த, ஆம்ப்ரோஸுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

தெருவில் எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். கொஞ்ச நாள்தான். பெரிய உத்தியோகஸ்தர் ஒருவர் விருந்தாளிகளைக் குளியலறையில் உட்கார வைக்கிறார் என்றால் விஷயம் இல்லாமலா இருக்கும்? சீமையில் அதுதான் வழக்கமாம் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். தியாகராய நகரில் புதிதாக வீடு கட்டியவர்கள் குளியலறையைத் தெருப்பக்கம் வைத்தார்கள். ஷரஃபுதீன் தன் வீட்டு முன்னறையில் பாய்லர் இல்லாமலே ஒரு தொட்டியைக் கட்டி, வந்தவர்களையெல்லாம் கூட்டிப்போய்க் காட்டினார்.

இதையெல்லாம் படித்துச் சிரிக்கும் நாம் மட்டும் என்ன செய்தோம்? கையில் மனுவோடு, சந்து வழியாகச் சுற்றிக் கொல்லைப்புறத்துக்குப் போனோம். வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, ஈரத் தரையில் போட்டிருந்த பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தோம். நல்ல காற்றோட்டம் என்று வேறு புகழ்ந்தோம். காபி வந்தது. ஆபீஸ் அறைக்குப் போய், அங்கே ஆம்ப்ரோஸ் பார்த்து அனுமதித்த பிறகு நம்மிடம் வந்த காபி.

“காபி சூடா இருக்கா?” என்று அவர் அன்போடு விசாரித்தார்.

நாம் அந்தப் பச்சைத் தண்ணீரை ஊதி ஊதிக் குடித்தோம்.

“கொதிக்குது சார்” என்றோம்.