கருமுதுகன் போட்ட நொண்டிச் சட்டம்

கருமுதுகனின் இடது முன்னங்காலில் கொம்புச் சில்லு ஏறிய அன்றே அவனுடைய ஆட்சிக்கும் சீழ் பிடித்துவிட்டது.

உறைந்த ஆற்றைக் கூட்டம் தாண்டிக்கொண்டிருந்தது. எப்போதோ யாரோ தின்றுபோட்ட மானின் கொம்பு பனிக்குள் புதைந்து, ஒரு முனையை மட்டும் மேலே நீட்டிக்கொண்டு நின்றது. கருமுதுகன் ஓநாய்க் கூட்டத்துக்குத் தலைவன். முன்னால் நடப்பவன். முன்னால் நடப்பவன் காலில்தானே எதுவும் முதலில் ஏறும்? வலி உச்சிமண்டையைத் தொட்டது. ஆனால் பின்னால் கூட்டம் வருகிறதே. தலைவன் ஊளையிடலாம், முனகக்கூடாது. வானிலையை ஆராய்கிறவன்போல சற்று நேரம் மேலே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு இருக்கிற நாலு காலில் மூன்றை வைத்து மீதி ஆற்றைக் கடந்தான்.

வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவனை வாட்டியது சட்டம். நொண்டுகிறவன் முன்னால் நடக்கக்கூடாது என்பது அந்தப் பைன் காட்டில் கண் திறக்காத குட்டிக்குக்கூட மனப்பாடம். அந்தச் சட்டத்தைப் போட்ட புண்ணியவான் வேறு யாருமில்லை, கருமுதுகனேதான்.

அப்போது தலைவராக இருந்தவர் அவன் மாமனார் மொட்டைவாலர். கடமான் ஒன்று உதைத்ததில் பெரியவருக்கு இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்துபோயிருந்தது. கருமுதுகன் கூட்டத்தைக் கூட்டினான். பனியில் அவர் பதித்த தடத்தைக் காட்டினான். இந்தக் கோணல் தடத்தில் கால்வைத்து நடந்தால் நம் பரம்பரையே கோணலாகிவிடாதா என்று தொண்டை தழுதழுக்கக் கேட்டான். கூட்டம் ஊளையிட்டு ஒப்புக்கொண்டது. ஊளைதான் அங்கே ஓட்டு. அன்று முதல் அவன் முன்னால் போனான், மாமனார் கடைசியில் வந்தார். முன்னால் நடப்பவர் முதலில் தின்ன வேண்டும் என்பது அதற்கும் முந்தைய சட்டம். ஆகையால் பெரியவருக்கு வந்து சேர்ந்ததெல்லாம் குளம்பும் ரோமமும்தான்.

அவருடைய மகள் பனிச்சிதான் கருமுதுகனின் மனைவி. தகப்பனைப் பின்னுக்குத் தள்ளிய அன்று அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். கல்யாணமான ஆண்கள் வழக்கமாகச் செய்கிற தப்புதான்.

இதில் இன்னொரு தலைவலி உண்டு. பனிச்சி கூட்டத்தின் மருத்துவச்சி. எந்த வேர் எதற்கு, எந்தப் பாசி ரத்தத்தை நிறுத்தும், எந்தப் பிசின் புண்ணை மூடும் என்பதெல்லாம் அவள் மூக்கின் நுனியில். மருத்துவத்துக்கும் சட்டம் இருந்தது. வாய் திறந்து கேட்காதவருக்கு மருந்து கொடுக்கக்கூடாது. காட்டாத புண்ணைப் பார்க்கக்கூடாது. காட்டிவிட்டாலோ, மருத்துவச்சி அதைக் கூட்டத்துக்கு ஒளிக்கக்கூடாது. அதாவது கருமுதுகன் காலைக் காட்டினால் பதவி போகும். காட்டாவிட்டால் கால் போகும்.

இரண்டும் போகாமல் இருக்க அவன் மூளையைக் கசக்கினான். மறுநாள் மத்தியானம் பனிச்சி பாசியை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவன் காலை வயிற்றுக்கடியில் மடித்து வைத்துக்கொண்டு பக்கத்தில் படுத்தான்.

"ஆத்துக்கு அந்தாண்ட ஒரு கூட்டம் இருக்கில்ல? அதோட தலைவருக்குக் கால்ல ஏதோ குத்திருச்சாம். வீங்கிக் கிடக்காம். பாவம்."

"யாரு சொன்னா?"

"காக்கா சொல்லுச்சு."

"முன்னங்காலா, பின்னங்காலா?"

"முன்னங்கால். இடது."

"காக்கா கிட்ட நின்னு பாத்திருக்கு போல." பனிச்சி பாசியைப் புரட்டிப் போட்டாள். "பொண்டாட்டிகிட்ட சொன்னாராமா?"

"சொல்லலியாம். அந்தம்மா மனசு கஷ்டப்படுமேன்னு. ரொம்பப் பெருந்தன்மையான ஆளு."

"அப்ப நோவு கால்ல இல்லீங்க. உள்ள அடைச்சுக்கிட்டு கெடக்கு. மேட்டுச் சரிவுல கறுப்பா காய் காய்க்குமே ஒரு புதரு, அதோட பட்டையை வயிறு முட்டத் திங்கச் சொல்லுங்க. எல்லாம் வெளிய வந்துரும்."

கருமுதுகன் நன்றிகூடச் சொல்லாமல் எழுந்தான். யாரும் பார்க்காத நேரத்தில் மேட்டுச் சரிவுக்குப் போய், புதரில் ஒரு கிளை விடாமல் பட்டையை உரித்துத் தின்றான். மருத்துவச்சி சொன்னது சொன்னபடி நடந்தது. எல்லாம் வெளியே வந்தது. நேற்றுத் தின்ற மான் வந்தது, அதற்கு முந்தின வாரத்து முயல் வந்தது, கடைசியில் உயிர்கூட வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தது. சில்லு மட்டும் வரவில்லை. பட்டால்தான் புத்தி வரும் என்பார்கள். கருமுதுகனுக்குப் பட்டையிலும் வரவில்லை.

அவன் தள்ளாடிக்கொண்டு திரும்பியபோது பனிச்சி அந்த அக்கரைத் தலைவரைப் பற்றி அக்கறையாக விசாரித்தாள். ரொம்ப லேசாக உணர்கிறாராம் என்றான் கருமுதுகன். அதில் பொய் இல்லை. அவள் யோசனையோடு தலையாட்டினாள்.

"கெட்டிக்காரரா இருந்தா கால் ஆறுற மட்டும் கூட்டத்துக்குப் பின்னால நடப்பாரு. ஆபத்து பின்னாலருந்துதான் வரும், தலைவன் அங்கதான் நிக்கணும்னு சொன்னா எவன் மறுக்கப்போறான்? ஆனா அவ்வளவு மூளைக்கு அவரு எங்க போவாரு."

கருமுதுகனுக்குச் சுருக்கென்றது. முகமறியாத ஒரு தலைவரை இப்படியா மட்டமாகப் பேசுவது? ராத்திரி முழுக்கப் புரண்டான். விடிவதற்குள் அந்த யோசனை அவனுடைய சொந்த யோசனையாகிவிட்டது.

அன்று கூட்டம் கூடியது. கருமுதுகன் பாறைமேல் உட்கார்ந்தபடியே பேசினான். எதிரி என்றைக்காவது முகத்துக்கு நேரே வந்ததுண்டா? முதுகில்தான் பாய்வான். அப்படியிருக்க, பலசாலி முன்னால் போய் ஒய்யாரமாக நடப்பதும் கிழவர்களும் பிள்ளைகளும் பின்னால் தவிப்பதும் என்ன நியாயம்? இனிமேல் தலைவர் கடைசியில்தான் நடப்பார். இது சட்டம்.

அவன் வாயை மூடுவதற்குள் கூட்டம் ஊளையிட்டுவிட்டது. இவ்வளவு சீக்கிரம் எந்தச் சட்டமும் நிறைவேறியதில்லை. முன்னால் யார் நடப்பது என்ற கேள்வி வந்தபோது எல்லாரும் தங்கள் பாதங்களைப் பார்த்தார்கள். பனிச்சி மட்டும் மிகத் தயங்கி, தனக்கு இதில் துளியும் இஷ்டமில்லை, தலைவர் ஆணையிட்டால் மட்டும் செய்கிறேன் என்றாள். அவன் ஆணையிட்டான். அவள் தலைவணங்கினாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு பணிவை அவன் பார்த்ததில்லை. அங்கேயாவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கடைசி இடம் எப்படியிருக்கும் என்று தள்ளப்படுகிறவனுக்குத்தான் தெரியும். முன்னே போகிறவர்கள் மிதித்து மிதித்துப் பனி கூழாகிக் கிடக்கும். காற்று கொண்டுவரும் வாசனையெல்லாம் அடுத்தவன் பின்பக்க வாசனைதான். கருமுதுகனுக்கு அங்கே ஒரே ஆறுதல், அவன் நொண்டித் தடத்தைப் பார்க்கப் பின்னால் ஆளில்லை. பக்கத்தில் மாமனார் மட்டும் இடுப்பைச் சாய்த்துச் சாய்த்து வந்துகொண்டிருந்தார்.

மொட்டைவாலர் ஒரு குத்தல் பேசியிருந்தால் அவன் மனம் ஆறியிருக்கும். பெரியவர் அன்பாக இருந்தார். அதைத்தான் தாங்க முடியவில்லை. பனிச்சி காற்றின் போக்கை மோந்து போன வழியில் கூட்டத்துக்கு அடிக்கடி வேட்டை கிடைத்தது. கொழுத்த மான்கள். அவை வரிசை வரிசையாகக் கைமாறி, வாய்மாறி, கடைசிக்கு வரும்போது மானில் மானம் மட்டும்தான் பாக்கி இருக்கும். கருமுதுகன் குளம்பை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தான்.

"பக்கவாட்டுல கடிக்கணும் மாப்ள," என்றார் மாமனார். "நேரா கடிச்சா பல்லு போயிரும். பழக்கத்துல வந்துரும்."

பழக்கத்தில் வந்துவிடும் என்ற அந்த வார்த்தை அவன் நெஞ்சில் இறங்கியது. காலில் ஏறிய கொம்பு பரவாயில்லை என்று தோன்றியது.

கால் பெருத்துக் காய்ச்சலும் கண்டது. ஒருநாள் பனி கொட்டிக்கொண்டிருந்தது. முன்னால் கூட்டத்தின் வால்கள் ஆடி ஆடித் தூரத்தில் மங்கின. ஒரு தலைகூடத் திரும்பவில்லை. கருமுதுகன் நின்றுவிட்டான். இங்கேயே விழுந்தால் எப்போது தேடுவார்கள் என்று நினைத்துப் பார்த்தான். சாப்பாட்டு நேரத்திலா? தேட மாட்டார்கள். கடைசி ஆளுக்கு வைப்பதற்குப் பங்கு என்று ஒன்று இருந்தால்தானே, அது மீந்து கிடக்கிறதே என்று யாராவது கேட்பார்கள்.

சாய்ந்து கிடந்த பைன் மரத்தடியில் போய்ப் படுத்தான். தனி ஓநாய் குளிர்காலத்தைத் தாண்டாது என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் படுத்தான். இது தோல்வியல்ல, துறவு என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். பல் கிட்டித்துக்கொண்டதில் அது சரியாக வாயில் வரவில்லை. காதுகளைப் பனி மூடியது. மாமனார் பக்கத்தில் இருந்தாரே, அவரும் போய்விட்டார். தான் பிடுங்கிய இடத்தை நினைத்தான். அவருக்கு வாங்கிக்கொடுத்த இடத்தையும் நினைத்தான். கை என்று ஒன்று இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பான். அவனுக்குத் திடீரென்று பனிச்சியின் குரல் கேட்க வேண்டும்போல இருந்தது. திட்டினாலும் பரவாயில்லை.

"பனி ஜாஸ்திதான் இல்ல?"

கண்ணைத் திறந்தான். பனிச்சி எதிரில் உட்கார்ந்திருந்தாள். காலைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டம்.

"இங்க என்ன பண்றீங்க?"

"பின்பக்கம் காவல் காக்குறேன்."

"படுத்துக்கிட்டா?"

"பதுங்கிக்கிட்டு."

அவள் மூக்கின்மேல் விழுந்த பனியை நக்கிக்கொண்டாள். பிறகு மெதுவாக, "அந்த அக்கரைத் தலைவரு எப்படி இருக்காரு?" என்றாள்.

கருமுதுகன் மறைக்கத்தான் பார்த்தான். குரல் உடைந்துவிட்டது. "செத்துக்கிட்டு இருக்காரு பனிச்சி."

"மருந்து கேக்கலாமே."

"கேட்டா நொண்டின்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருமே."

பனிச்சி முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்தாள். "நாம ஓநாய்ங்க. மூக்குன்னு ஒண்ணு இருக்கு. உங்க கால்ல சீழ் வெச்ச அன்னிக்கே கடைசிக் குட்டி வரைக்கும் மோந்தாச்சு."

"அப்ப ஏன் யாரும் வாயைத் தொறக்கல?"

"நாந்தான் சொல்லக்கூடாதுன்னேன். நீங்களா வந்து கேப்பீங்கன்னு பாத்தேன். நீங்க பட்டையைத் தின்னீங்க, சட்டத்தைப் போட்டீங்க, செத்தாலும் சாவேன் கேக்க மாட்டேன்னு இங்க வந்து படுத்தீங்க." அவன் காதை மூடியிருந்த பனியை அவள் நக்கித் தள்ளினாள். "கேக்காதவருக்கு நான் எப்படிங்க மருந்து வைப்பேன்?"

அவன் வயிற்றுக்கடியிலிருந்து காலை எடுத்து அவள் முன்னால் நீட்டினான். "வலிக்குது பனிச்சி. மருந்து குடு."

அவள் ஒரு குரல் கொடுத்தாள். மரத்துக்குப் பின்னாலிருந்து மாமனார் வந்தார். பனிச்சியை அழைத்துவந்ததே அவர்தான். இவ்வளவு நேரம் அங்கேதான் நின்றிருக்கிறார். ஒன்றும் பேசாததற்குக் காரணம், வாய் நிறையப் பாசி. பனிச்சி பல்லால் வீக்கத்தைக் கீறிச் சில்லைப் பிடித்து இழுத்தாள். கருமுதுகன், தலைவர்கள் முனகக்கூடாத அத்தனை முனகலும் முனகினான். சீழை நக்கித் துப்பி, பிசினை மென்று அப்பி, பாசியை வைத்து மூடினாள். ஆற்றோர மரத்தின் கசப்புப் பட்டையைக் காய்ச்சலுக்குக் கொடுத்தபோது அவன் பட்டை என்றதும் நடுங்கினான். இது வேறு பட்டை என்று சத்தியம் செய்த பிறகே தின்றான். மூவரும் ஒட்டிப் படுத்துக் குளிரைக் கழித்தார்கள்.

கால் ஆறியது. காலோடு ஆசையும் எழுந்து நின்றது. கருமுதுகன் மறுபடியும் கூட்டத்தைக் கூட்டினான். இப்போதெல்லாம் ஆபத்து முன்னாலிருந்துதான் வருகிறது என்று விரிவாக எடுத்துச் சொல்லி, தலைவர் பின்னால் நடக்கிற சட்டத்தை ரத்துசெய்ய ஓர் ஊளை கேட்டான். யாரும் ஊளையிடவில்லை. கொழுத்திருந்த கோணச்செவியன் என்ற இளவட்டம் ஒரு கொட்டாவி விட்டது. அதை ஊளைக் கணக்கில் சேர்க்க முடியாது. கருமுதுகன் கடைசி நம்பிக்கையாகப் பனிச்சியைப் பார்த்தான்.

"நொண்டிச் சட்டம் போட்டது நீங்க. பின்னால நடக்கிற சட்டம் போட்டதும் நீங்கதான். நான் ஒரு சட்டமும் போடல," என்றாள் அவள், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு. "தலைவர் சொல்லை அவர் பொண்டாட்டியே மீறுனா கூட்டம் நாளைக்கு என்ன பேசும்?"

எதிர்த்துப் பேசுகிற மனைவியை ஜெயிக்கலாம். கீழ்ப்படிகிற மனைவியை என்ன செய்வது? கருமுதுகன் தீர்மானித்துவிட்டான். இனி பேச்சில்லை, நடைதான். அடுத்த நாள் காலை எல்லாருக்கும் முன்பாக எழுந்து பாதையின் தலைப்பில் போய் நிமிர்ந்து நின்றான். யாரும் தடுக்கவில்லை. சொல்லப்போனால் கூட்டம் மிக ஒழுங்காக அவனுக்குப் பின்னால் வரிசை கட்டியது. பனிச்சி கடைசிக்குப் போய்த் தகப்பன் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

கருமுதுகன் நடந்தான். எவனும் மிதிக்காத பனி காலுக்கடியில் நொறுங்கியது. நாலு காலும் நேராகப் பதிந்தன. முகத்தில் சுத்தமான காற்று. இழந்ததெல்லாம் திரும்பிவிட்டது. மேட்டின் உச்சிவரைக்கும் அந்த இன்பத்தில் போனவன், பின்னால் சத்தமே இல்லையே என்று திரும்பினான்.

கூட்டம் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. பனிச்சி நின்ற இடத்திலேயே திரும்பியிருக்கிறாள், அவ்வளவுதான். அவளோடு எல்லா மூக்கும் திரும்பிவிட்டன. எல்லா வாலும் இப்போது கருமுதுகனைப் பார்த்து ஆடின.

அவன் மேட்டின்மேல் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு இறங்கி ஓடினான். மூச்சு வாங்க ஓடிப் போய், கடைசியில் போய்க்கொண்டிருந்த கோணச்செவியனுக்குப் பின்னால் சேர்ந்துகொண்டான். கோணச்செவியன் எதுவும் கேட்கவில்லை. கருமுதுகனாகத்தான் சொன்னான்:

"அந்தப் பக்கம் நல்லா பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல."