நரி ஒளித்த துடுப்பு

மாரியம்மன் துணை

கீழ்வேளூர்,
திங்கட்கிழமை.

அன்புத் தம்பி பரிதிக்கு அக்கா அம்சம் எழுதுவது. நேற்று சுடர்விழியைப் பெண் பார்க்க வந்தபோது நம் வீட்டில் இருந்தவர்கள்: எங்கள் பக்கம் நான், உன் மச்சான் கோவிந்தராசு, சுடர். அவர்கள் பக்கம் மாப்பிள்ளை இனியவன், அவருடைய அப்பா முருகையன், அம்மா, அக்கா எழில்மொழி. ஆக ஏழு பேர். தரகர் வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தார், அவரைச் சேர்க்கவில்லை. ஊரே கூடி வேடிக்கை பார்த்தது என்று உன்னிடம் சொன்னவர் அவர்தான் என்பதால் இதை முதலில் எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் அம்மன் புண்ணியத்தில் நலம். அங்கே உன் வீட்டாரும் குறுவை அறுப்பும் நலமா. ஆறு தடவை போன் அடித்தும் நீ எடுக்கவில்லை. கடுதாசி என்றால் பிரிக்காமல் இருக்க மாட்டாய் என்று எழுதுகிறேன்.

மாப்பிள்ளை வீட்டாரை உட்கார வைத்து பொம்மைப் படம் போட்டோம், நடுவில் நான் எழுந்து அழுதேன் என்று கேள்விப்பட்டிருப்பாய். இரண்டும் உண்மை. சம்பந்தம் கொண்டுவந்த தாய்மாமன் நீ, அறுப்பு மிஷின் வந்துவிட்டது என்று வராமல் இருந்துவிட்டாய். வந்திருந்தால் எட்டு பேர் என்று எழுதியிருப்பேன். நாலு மணிக்கு வரச் சொன்னால் அவர்கள் நாலு இருபத்தஞ்சுக்கு வந்தார்கள், நாலரைக்கு ராகுகாலம், ஆறு மணி வரைக்கும் நல்ல பேச்சு எதுவும் எடுக்க முடியாது, ஏழு பேர் ஒன்றரை மணி நேரம் என்னதான் செய்வது. முருகையன் ஃபேனைப் பார்த்தார், உன் மச்சான் அவர் பார்த்த ஃபேனைப் பார்த்தார். சுடர்தான், "ஒரு படம் போடறேன், சரியா ஒன்றரை மணி நேரம்"னு சொல்லி, ட்யூஷன் பிள்ளைகளுக்குப் போடுகிற படத்தைப் போட்டாள்.

கடிகாரம் ரிப்பேர் பண்ணுகிற ஒரு நரி. அதுக்கு ஒரு அணில் பொண்ணு சிநேகம். "நரிக்கும் அணிலுக்கும் எப்படிம்மா ஒத்துவரும், சாதி சனம் என்ன சொல்லும்"னு மாப்பிள்ளையோட அம்மா கேட்டாங்க. "அதுங்க சிநேகிதங்கம்மா, சும்மா பாரு"ன்னாள் எழில்மொழி. அணிலுக்குக் கடல் பார்க்க ஆசை, படகு கட்டுது. நரிக்குத் தண்ணின்னா பயம், அணில் போயிட்டா தனியா இருக்கணும்னு அதைவிட பயம். அதனால ஒரு துடுப்பை எடுத்து பரண்ல ஒளிச்சு வச்சிருது. அணில் வீடெல்லாம் தேடுது. நரியும் கூடச் சேர்ந்து தேடுது தம்பி. தேடற மாதிரியே தேடுது.

பஜ்ஜி மாவு கரைச்சுக்கிட்டே பார்த்த நான் மாரியம்மன் படத்தைத் திரும்பிப் பார்த்தேன். கோயம்புத்தூரில் சுடருக்கு விதை ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்த கடிதம் வந்து பதினோரு நாள் ஆச்சு, அது மாரியம்மன் படத்துக்குப் பின்னாடி இருக்கு என்பது அதுவரைக்கும் இந்த உலகத்தில் உனக்கும் எனக்கும் அம்மனுக்கும் மட்டும்தான் தெரியும். தினம் அவள் "தபால் வந்துச்சாம்மா"ங்கிறாள், நான் "வரலையேம்மா"ன்னு அவளோட சேர்ந்து வாசலை எட்டிப் பார்க்கிறேன். கல்யாணம் முடியட்டும், அப்புறம் காட்டிக்கலாம் என்று யோசனை சொன்னது நீ. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, கடைசி வரைக்கும் சொல்லவும் மாட்டேன்.

அப்புறம் பார்த்தால், யாரும் கண்டுபிடிக்காமலே நரி துடுப்போட வந்து நிக்குது. "நான்தான் எடுத்தேன். பயம் என்னோடது, துடுப்பு உன்னோடது"ங்குது. அணில் ஓடி வந்து கட்டிக்கும்னு நெனச்சேன். இல்ல. "எனக்குக் கோபம் இருக்கு, தீர்ந்ததும் வரேன்"னு போயிருது. நரி பின்னாடியே போகல. நாம பார்த்த படத்தில் எல்லாம் வேண்டாம்னு சொன்ன பொண்ணு ஏறுகிற பஸ்ஸிலேயே அவனும் ஏறுவான், நாமும் கைதட்டியிருக்கோம். இந்த நரி அது பாட்டுக்குக் கடிகாரத்தைத் துடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு.

எப்போ எழுந்தேன்னு தெரியல. பஜ்ஜி மாவுக் கையோடு போய் அம்மன் படத்துக்குப் பின்னாடி இருந்து கடிதத்தை எடுத்து, மத்த ஆறு பேர் முன்னாடியும், "நான்தான் ஒளிச்சேன் சுடரு"ன்னு சொல்லிட்டு அழுதுட்டேன். "ராகுகாலத்துல போயா"ன்னு மாப்பிள்ளையோட அம்மா கடிகாரத்தைப் பார்த்தாங்க. "நல்ல பேச்சுதானே பேசக் கூடாது, இது நல்ல பேச்சே இல்லீங்களே"ன்னேன். முருகையன்தான் முதலில் சிரித்தார். சுடர் சிரிக்கவில்லை. கடிதத்தை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். நான் கதவைத் தட்டவில்லை. இருபது நிமிஷம் தட்டாமல் இருந்தேன், உன் மச்சான் என்னைத் தொட்டுப் பார்த்தார்.

ஆறு மணி நாலு நிமிஷத்துக்கு, ராகுகாலம் போன பிறகு, மாப்பிள்ளை சொன்னார்: "அத்தை, அவங்க போய்ப் படிக்கட்டும். ரெண்டு வருஷம்னா எனக்குக் கொஞ்சம் பயமாத்தான் இருக்கு. நான் பயப்படறேன்னு அவங்க படிக்காம இருக்க வேண்டாம்." கதவு திறந்தது. அவள் அவருக்குக் காபி ஆற்றிக் கொடுத்தாள். படத்தின் முடிவிலும் நரிக்கும் அணிலுக்கும் கல்யாணம். எனவே திருவாரூரில் தை மாதத்துக்கு மண்டபம் பார்த்து வை. ராத்திரி என் நோட்டில் எழுதினேன்: ஒளித்தது பதினோரு நாள், சொன்ன பொய் பதினொன்று, கேட்ட மன்னிப்பு ஒன்று.

உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் அம்மன் ஒரு குறையும் வைக்க மாட்டாள். களத்தில் நெல் காயும்வரை மழை பொறுக்கட்டும்.

உன் அக்கா,
கோ. அம்சம்

பின்குறிப்பு: இனிமேல் எதையும் ஒளிப்பதில்லை என்று, கடிதத்தை ஒட்டாமலே சுடரிடம் கொடுத்து தபாலில் போடச் சொன்னேன். படித்துவிட்டாள். அவள் சொல்வது: அவள் இன்னும் சரி என்றே சொல்லவில்லையாம், அவரும் கேட்கவில்லையாம், இப்போதைக்குச் சிநேகிதர்களாம், நடுவில் நான்தான் மண்டபம் வரைக்கும் போய்விட்டேனாம். படத்திலும் கல்யாணம் கிடையாதாம், அணில் கடலைப் பார்த்துவிட்டு வந்து நரிக்குக் கதை சொல்வதோடு முடிகிறதாம். அந்த நேரம் நான் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தேன். மண்டபத்தை விட்டுவிடு. யோசனை சொன்னது நீ என்பதையும் படித்துவிட்டாள். என் மேல் கோபம் முக்கால்வாசி தீர்ந்துவிட்டதாம், உன் மேல் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறதாம், மாமா நேரில் வந்து சொன்னால் பார்க்கலாமாம். அடுத்த வாரம் வியாழக்கிழமை அவளுக்கு ரயில். ஸ்டேஷனுக்கு வருகிறாயா இல்லையா என்று சீக்கிரம் பதில் போடு.