பல் டாக்டர் வீட்டுக் கார்

"நீ எதுக்கு இந்த வெயில்ல? நான் மட்டும் போய் ஒரு வார்த்தை பேசிட்டு வந்துடறேன்" என்று மருந்துக்கடைக்காரர் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய மனைவி ஸ்கூட்டரின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு வார்த்தை பேசுவீங்க, ஒரு காரை ஓட்டிட்டு வருவீங்க. எனக்குத் தெரியாதா உங்களை? கிளம்புங்க."

"அது இல்லம்மா, நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

அவளுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? வீட்டை ஒட்டியிருந்த கார் ஷெட், கார் இல்லாமல் எலி ஓடிக்கொண்டு கிடந்தது. அதைக் கழுவி, வெள்ளையடித்து, இரண்டு தையல் மெஷின், துணி வெட்ட ஒரு நீள மேஜை, ஆளுயரக் கண்ணாடி என்று போட்டு, அதைத் தையல் கடையாக்கியவள் அவள். தெருவில் பாதிப் பேரின் உடம்பு அளவு அவளுக்கு மனப்பாடம். அந்த வீட்டில் அவளுக்கே அவளுக்கென்று தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள இருந்த ஒரே அறையும் அதுதான்.

அவரோ, பல்பு மாற்றச் சொன்னால்கூட எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிற மனுஷன். அப்பேர்ப்பட்டவருக்குத் திடீரென்று பழைய கார் பைத்தியம் பிடித்துவிட்டது. யாரோ ஒரு ரிட்டையர்டு பல் டாக்டர், அந்தக் காலத்துக் கார் ஒன்றைப் பாதி பழுதுபார்த்து வைத்திருக்கிறாராம். மீதியை நாம் பார்த்துக்கொள்ளலாமாம். யார் பார்ப்பது? பல்பு மாற்றத் தெரியாத இவரா?

"அது ஷெட்டுதானே? மெஷினையெல்லாம் படுக்கையறையில ஒரு ஓரமா போட்டுக்கோயேன்" என்று சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். உப்பை இப்படித் தள்ளு என்பது போலச் சொன்னார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"வேண்டாம்" என்றாள்.

"நான் எதைச் சொன்னாலும் உனக்கு வேண்டாம்தான். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உன் வாயில வேற வார்த்தையே நான் கேட்டதில்ல."

அன்றிலிருந்து அவள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மனதுக்குள் ஒரு சபதமும் எடுத்துக்கொண்டாள். இனி என் வாயிலிருந்து 'வேண்டாம்' வராது. அந்தக் காரில் உள்ள ஓட்டை ஒடிசலையெல்லாம் ஒவ்வொன்றாக இழுத்துப்போட்டு இவர் வாயாலேயே வேண்டாம் என்று சொல்லவைப்பேன். இல்லையென்றால் அந்த டாக்டர் எங்களைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளவேண்டும். எதுவானாலும் சரி, என் அறை என் அறையாக இருக்கவேண்டும்.

பல் டாக்டர் வீட்டின் பின்பக்கக் கொட்டகையில் கார் நின்றது. முன்பாதி கருநீலத்தில் பளபளவென்று இருந்தது. பின்பாதி பெயிண்ட் இல்லாமல், நோயில் கிடந்து எழுந்த ஆள் போல வெளுத்திருந்தது.

"அடடே, அம்மாவும் வந்திருக்காங்களா?" என்றார் டாக்டர். பிறகு மருந்துக்கடைக்காரர் பக்கம் திரும்பி, "நேத்து போன்ல சொன்னீங்களாமே சார்..." என்று இழுத்தார்.

"அதைப் பத்தித்தான் டாக்டர், நேர்லயே..."

"ஓ! போன்லயே எல்லாம் பேசி முடிச்சாச்சா?" என்று அவள் வெடித்தாள். "அப்போ நான் எதுக்கு? வீட்டுல ஒருத்தி இருக்கான்னு ஞாபகமாவது இருந்துச்சா? காரைக் காட்டுங்க டாக்டர். நான் பாக்கணும்."

ஆண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ... நிஜமாவே பாக்கப் போறியா?" என்று கணவர் கேட்டார்.

"ஏன், எனக்குக் கண்ணு இல்லையா?"

"காட்டறதுக்கென்ன, தாராளமா பாருங்க" என்றார் டாக்டர். அவர் மனைவி டார்ச் லைட்டோடு வந்து நின்றாள்.

மருந்துக்கடைக்காரர் மனைவி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்கதவிலிருந்து ஆரம்பித்தாள். விரல் முட்டியால் தட்டினாள். டங். டங். இன்னும் கொஞ்சம் கீழே தட்டினாள். டொக்.

"இங்க என்ன சத்தம் மாறுது? உள்ள துருப்பிடிச்சு ஓட்டை. மேல பட்டி போட்டு மூடி, பெயிண்ட் அடிச்சு ஏமாத்தியிருக்கீங்க!"

டாக்டர் சட்டைப்பையிலிருந்து, வாய்க்குள் விட்டுப் பார்க்கிற குட்டிக் கண்ணாடியை எடுத்தார். கதவின் அடியில் விட்டுப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"சொத்தை! நான்தான் அடைச்சு வெச்சேன். வந்தவங்கள்ல ஒருத்தரும் கண்டுபிடிக்கலம்மா. இது என் தப்பு, நானே சரி பண்றேன். என்கிட்ட வேற கதவு நாலு இருக்கு, அத்தனையும் எடுத்துக்குங்க." மனைவியிடம், "அந்தக் கதவுங்களை எடுத்து வாசல்ல வை" என்றார்.

நாலு கதவு! அவள் கண்முன்னே துணி வெட்டும் மேஜையும் அதன்மேல் நாலு கதவும் வந்து நின்றன. இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பாள். கோபம் வந்தவளுக்கு அந்த யோசனையெல்லாம் எங்கே வரப்போகிறது? கதவைத் திறந்து சீட்டைப் பார்த்தாள். பார்த்ததும் நிஜமாகவே ரத்தம் கொதித்தது, தொழில் தெரிந்தவள் அல்லவா?

"இதை எந்தப் புண்ணியவான் தெச்சது? தையலுக்குத் தையல் ஒரு முடிச்சு! ஈறு கிழிஞ்சா தைக்கிற மாதிரியில்ல இருக்கு?"

"அதேதாம்மா! நான்தான் தெச்சேன். எனக்கு அந்த ஒரு தையல்தான் தெரியும்."

"அவ தையல்ல பெரிய கை டாக்டர். எங்க ஏரியாவுல கேட்டுப் பாருங்க" என்றார் மருந்துக்கடைக்காரர், மார்பை நிமிர்த்திக்கொண்டு.

"உங்களை யாரு கேட்டா?"

"அப்போ கவலையே இல்ல!" என்று டாக்டர் உள்ளே ஓடினார். அவள் உயரத்துக்கு ஒரு ரெக்சின் சுருளைக் கட்டித் தழுவியபடி வெளியே வந்தார். பின்னாலேயே அவர் மனைவி ஒரு மூட்டைப் பஞ்சோடு வந்தாள். "நீங்களே தெச்சுக்குங்கம்மா. உங்க கைபட்டா சீட்டு சிம்மாசனம் ஆயிடும்."

கணவரின் முகத்தில் ஒரு சிரிப்பு அரும்பியது. அவருக்கு ஒரு அறை கொடுக்கலாமா என்றிருந்தது அவளுக்கு. கார் இனாமாகப் பெரிதாகிக்கொண்டே போகிறதென்று பல்லைக் காட்டுகிறாரே, பொண்டாட்டி நிற்க இடம் இல்லாமல் போவது தெரிகிறதா இந்த மனுஷனுக்கு?

"எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுங்க" என்றாள். இது மட்டும் ஓடவே ஓடாது, அதோடு கதை முடிந்தது என்று நினைத்தாள்.

டாக்டர் சாவியைத் திருப்பினார். கார் இருமியது. பிறகு ஓடத் தொடங்கியது. கொட்டகை முழுக்கக் கரும்புகை. அதற்குள்ளிருந்து இருமிக்கொண்டே வெளியே வந்தவளின் முகத்தில் பாதி கருத்துப்போயிருந்தது.

"இது எஞ்சினா, செங்கல் சூளையா? எண்ணெயெல்லாம் எரியுது. இதை வெச்சுக்கிட்டு தெருமுனைவரைக்கும்கூடப் போகமுடியாது!"

"உண்மை" என்று டாக்டர் தலையாட்டினார். "ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. பின்னாடி இன்னொரு எஞ்சின் பிரிச்சுப் போட்டிருக்கேன். அதையும் தூக்கிட்டுப் போங்க. அதுல பாதி இதுல பாதி போட்டா ஒரு நல்ல எஞ்சின் வந்துடும்."

"சபாஷ்!" என்றார் கணவர். இப்போது முகமெல்லாம் சிரிப்பு.

வாசலில் நாலு கதவு, ரெக்சின் சுருள், பஞ்சு மூட்டை, எண்ணெய் ஒழுகும் டப்பாக்களில் இரண்டாவது எஞ்சின். அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். கார் மட்டும் வந்திருந்தால் அறை மட்டும் போயிருக்கும். இப்போது படுக்கையறையும் சேர்ந்து போகும்போலிருக்கிறது. மெஷினைக் கூரைமேல்தான் போடவேண்டும்.

அவளுக்குக் கண்மண் தெரியவில்லை. பெரியவர், வயசானவர் என்றெல்லாம் பார்க்கவில்லை. இன்றைக்கு இந்த ஆள் நம்மைத் துரத்தியே ஆகவேண்டும் என்று முடிவுகட்டினாள்.

"டாக்டர், கேக்கிறேன்னு தப்பா நினைச்சாலும் பரவாயில்ல. மேல பூச்சு, உள்ள சொத்தை. தொட்ட வேலையில பாதிதான் முடிச்சிருக்கீங்க, அதுவும் அரைகுறை. நீங்க பல்லும் இப்படித்தான் பாத்தீங்களா? உங்ககிட்ட வந்தவங்கள்லாம் இன்னும் உயிரோட இருக்காங்களா?"

'வெளியே போ' என்ற வார்த்தைக்காக அவள் இடுப்பில் கைவைத்துக் காத்திருந்தாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வந்தவன் எல்லாம் ஆஹான்னான், ஓஹோன்னான். காரோட நின்னு போட்டோ எடுத்துக்கிட்டான். ஒருத்தனும் கையால தட்டிப் பாக்கலம்மா. அவங்கிட்ட கொடுத்தா வாசல்ல நிக்கவெச்சுத் துருப்பிடிக்க விட்டுருவான். அதனாலதான் யாருக்கும் கொடுக்கல. குறையைக் கண்டா இப்படிக் கோபம் வரணும், அந்த மாதிரி ஆளு கைக்குத்தான் போகணும்னு வெச்சிருந்தேன்." சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். "இது உங்க கார்."

அவள் பேச நினைத்தால் ஒரே ஒரு வார்த்தைதான் தொண்டைவரை வந்து நின்றது.

கணவர் பக்கத்தில் வந்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடு, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

குத்திக்காட்டுகிறாரே! நாலு பேர் எதிரில் அந்த வார்த்தையை வாயிலிருந்து பிடுங்கப் பார்க்கிறாரே!

"அதைச் சொல்லுவேன்னுதானே வாயைப் பாத்துட்டு நிக்கறீங்க? சொல்ல மாட்டேன்! தலைகீழா நின்னாலும் சொல்ல மாட்டேன்!"

"அப்படின்னா எடுத்துக்கறோம் டாக்டர்!" என்று அவர் குதிக்காத குறையாகக் கூவினார்.

பிறகு நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. டாக்டர் பக்கத்துத் தெரு லாரிக்கு போன் செய்தார். கணவர் தன் கடைக்கு போன் செய்து, ஷெட்டிலிருக்கும் தையல் மெஷின் இரண்டையும் உடனே படுக்கையறைக்கு மாற்ற ஆள் அனுப்பச் சொன்னார். கண்ணாடி பத்திரம், உடைந்தால் வீட்டம்மா உண்டு இல்லை என்று பண்ணிவிடுவாள் என்று எச்சரிக்கை வேறு.

அவள் ரெக்சின் சுருள்மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. கல்நெஞ்சக்காரர். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தி என்ன பிரயோஜனம்? என் அறை எனக்கு என்னவென்று ஒருநாளாவது இவருக்குத் தெரிந்திருக்குமா? வீட்டுக்குப் போனதும் இருக்கிறது கச்சேரி.

டாக்டர் மனைவி டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவள் முகத்திலிருந்த கரியைத் தன் முந்தானையால் வாஞ்சையாகத் துடைத்தாள்.

"நல்லவேளை, நீங்களும் கூட வந்து ஆசை ஆசையா காரைத் தட்டிப் பாத்தீங்க" என்றாள். "உங்க வீட்டுக்காரர் நேத்தே போன் பண்ணி, 'என் பொண்டாட்டி தைக்கிற ரூமைப் பிடுங்கித்தான் நிறுத்தணும்னா எனக்குக் காரே வேண்டாம்மா, நாளைக்கு நேர்ல வந்து டாக்டர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போறேன்'னு சொல்லிட்டாரு."